ரத்தினசாமி வாயைத் திறந்த கதை

திருப்பூரில் பல் உள்ளவர்கள் லட்சக்கணக்கில் இருக்கிறார்கள். பல்லாலேயே பேர் வாங்கியவர் ரத்தினசாமி ஒருவர்தான். பெருமாநல்லூர் ரோட்டில் ஒரு பனியன் ஏற்றுமதி கம்பெனியில் செக்கிங் சூப்பர்வைசர். தைத்து வருகிற டி-சர்ட்டை உள்வெளியாகத் திருப்புவார், தோள்பட்டையில் இழுத்துப் பார்ப்பார், டியூப்லைட்டுக்கு நேராகத் தூக்கிப் பிடிப்பார். தையல் முனையில் நூல் பிசிறு தொங்கினால் துணி அப்படியே வாய்க்குப் போகும். டக்கென்று ஒரு சத்தம். பிசிறு இருந்த இடம் தெரியாது. துப்பிவிட்டு அடுத்த பீஸை எடுப்பார்.

கம்பெனியில் கத்தரி இல்லாமல் இல்லை. சரக்கு வாங்குகிற வெளிநாட்டு பையர் போட்ட விதிப்படி நூல் வெட்டுகிற கத்தரி ஒவ்வொன்றும் அதனதன் மேஜையோடு கயிறு போட்டுக் கட்டப்பட்டிருக்கும், தப்பித் தவறிப் பார்சலுக்குள் போய்விடக் கூடாது என்று. கட்டிப்போட்ட கத்தரிக்கு முன்னால் போய்க் குனிந்து நிற்பது ரத்தினசாமிக்குக் கௌரவக் குறைச்சல். ஆண்டவன் கொடுத்த கத்தரி வாயிலேயே இருக்கிறது, அதற்குக் கயிறும் தேவையில்லை என்பார். ஒருமுறை ஆடிட்டுக்கு வந்த வெள்ளைக்காரர் இவர் குழந்தைச் சட்டை ஒன்றை வாயருகே வைத்திருந்ததைப் பார்த்து நின்றுவிட்டார். மேனேஜர் சமயோசிதமாக, துணியில் சாயவாடை இருக்கிறதா என்று மோந்து பார்க்கிறார் என்று சொல்லிச் சமாளித்தார். வந்தவருக்கு அது ரொம்பப் பிடித்துப்போய், அடுத்த சீசனில் எல்லா லாட்டுக்கும் மோந்து பார்க்கும் சோதனை உண்டுதானே என்று மெயில் அனுப்பினார். இரண்டு பெண்களை அதற்கென்றே வேலைக்கு எடுக்க வேண்டியதாகிவிட்டது.

பல்லில் எப்படியோ, வேலையில் ரத்தினசாமியை அசைக்க முடியாது. அதிலும் ஊசி விஷயத்தில் மனிதர் எமன். தைக்கும்போது மெஷினில் ஊசி ஒடிந்தால், ஒடிந்த துண்டு அத்தனையும் கிடைக்க வேண்டும். எல்லாவற்றையும் ஒரு தாளில் பொருத்தி, முழு ஊசியாகத் தெரியும்படி டேப் போட்டு ஒட்டிக் காட்டினால்தான் புது ஊசி. நுனி காணவில்லையென்றால் அந்த பண்டிலில் ஒரு பீஸ்கூட நகராது. ஊரில் எல்லாக் கம்பெனியிலும் இந்த விதி உண்டு. ஆனால் ரத்தினசாமி அளவுக்கு அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டவர் யாரும் இல்லை. நீடில் அறையைப் பார்த்துக்கொள்ளும் மாரிச்செல்வம் தென்காசிப் பக்கத்துக்காரர். ஒருநாள் ஒரு ஊசி முனைக்காக ரத்தினசாமி தையல் லைனில் இருந்த எல்லோரையும் தரையில் தவழவிட்டுக் காந்தத்தால் துழாவ வைத்தபோது, கடைசியில் அது அவருடைய செருப்படியிலேயே குத்திக்கொண்டிருந்ததைக் கண்டுபிடித்தவர் மாரிச்செல்வம்தான். ரத்தினசாமி கொஞ்சமும் கூச்சப்படவில்லை. முனை கிடைத்தது, அதுதான் முக்கியம் என்று சொல்லிவிட்டு டேப்பைக் கேட்டார்.

பல்லைப் பற்றி அவர் சொல்வதில் பாதியைத்தான் நம்ப வேண்டும். சோடா மூடியைக் கடித்துத் திறப்பது உண்மை, எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். உடுமலைப்பேட்டையில் ஒரு கல்யாணத்தில் பந்தயம் கட்டி முழுத் தேங்காயைப் பல்லாலேயே உரித்ததாகச் சொல்வார். அதைப் பார்த்தவர்கள் எல்லோரும் ஏனோ செத்துப்போயிருந்தார்கள். பல் விளக்குவது உப்பும் கரித்தூளும் கலந்து, விரலால், சட்டி தேய்க்கிற வேகத்தில். தினமும் வாஷ்பேசின் சிவப்பாகும். மனைவி ஆயம்மாள் பயந்து கேட்டால், கெட்ட ரத்தம் போகிறது, போகட்டும், உடம்புக்கு நல்லது என்பார். பல் டாக்டர் வீட்டு வாசலை அவர் வாழ்நாளில் மிதித்ததில்லை.

இப்படிப்பட்டவருக்கு நெஞ்சில் கோளாறு வந்தது. கம்பெனியில் இரண்டாம் மாடி ஏறினால் மூச்சு வாங்கியது. முதலில் படியை உயரமாகக் கட்டிவிட்டார்கள் என்று கொத்தனாரைத் திட்டினார். பிறகு கோயமுத்தூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். இதயத்தில் ஒரு வால்வு இறுகிச் சுருங்கிவிட்டது, அதை எடுத்துவிட்டுப் புதிதாக ஒன்று வைக்க வேண்டும், தள்ளிப்போட முடியாது என்று டாக்டர் சொன்னார். ஆயம்மாள் அங்கேயே முருகனுக்கு நேர்ந்துகொண்டாள். ரத்தினசாமிக்கோ ஒரு பெருமை. நெஞ்சைப் பிளந்து ஆபரேஷன் என்றால் சும்மாவா? திரும்பி வரும் பஸ்ஸிலேயே பக்கத்து சீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டார்.

டீக்கடையில் கொஞ்ச நாள் வேறு பேச்சே இல்லை. வால்வில் இரண்டு தினுசு உண்டு, ஒன்று மிருகத்தின் திசுவில் செய்தது, இன்னொன்று மெட்டல் என்று ரத்தினசாமி விளக்கினார். பன்றியின் வால்வு என்றால் கிருத்திகைக்கு விரதம் இருக்கலாமா கூடாதா என்று அரைமணி நேரம் வாதம் நடந்தது. மெட்டல் என்று முடிவானது. உடனே அவருக்கு அடுத்த கவலை பிடித்துக்கொண்டது. பேக்கிங்குக்கு முன்னால் துணியில் ஊசி இருக்கிறதா என்று பார்க்க ஒரு டிடெக்டர் மெஷின் இருக்கிறதே, அதன் பக்கத்தில் போனால் தன்னைப் பார்த்துக் கத்துமா? கத்தினால் தன்னையே ரிஜெக்ட் போட வேண்டி வருமே என்று டாக்டரிடம் கேட்டார். இத்தனை வருஷ சர்வீஸில் இப்படி ஒரு கேள்வியைத் தான் கேட்டதில்லை என்று டாக்டர் சொன்னதையும் பெருமையாகவே எடுத்துக்கொண்டார்.

கத்திக்கு அஞ்சாத அந்த மனிதர் ஒரே ஒரு சீட்டுக்கு அஞ்சினார். ஆபரேஷன் தேதி கொடுத்த நர்ஸ், அதற்குமுன் பல் டாக்டரிடம் வாயைக் காட்டி, எல்லாம் சரியாக இருக்கிறது என்று எழுதி வாங்கி வரச் சொன்னார். அது இல்லாமல் ஆபரேஷன் கிடையாது.

ரத்தினசாமிக்கு இது சூழ்ச்சியாகத் தெரிந்தது. நெஞ்சுக்கு வந்தவனைப் பல்லுக்கு அனுப்புகிறார்கள். திருப்பூர்க்காரருக்கா இது புரியாது? ஆர்டர் எடுத்தவன் ஒருத்தன், நிட்டிங் ஒருத்தன், டையிங் ஒருத்தன், பட்டன் வைப்பது இன்னொருத்தன். அதே மாதிரி கோயமுத்தூர்க்காரர் நெஞ்சைத் தன் கையில் வைத்துக்கொண்டு பல்லை மட்டும் ஜாப் ஒர்க்குக்கு விடுகிறார் என்று டீக்கடையில் விளக்கம் சொன்னார். நாளைக்குக் காது, நாளன்றைக்கு முழங்கால் என்று இழுத்துக்கொண்டே போவார்கள் என்றார். கேட்டவர்களுக்கும் நியாயமாகவே பட்டது.

இதெல்லாம் வெளியில் சொல்வது. உள்ளே இருந்தது பச்சைப் பயம். நெஞ்சை அறுக்கும்போது மயக்கம் கொடுத்துவிடுவார்கள், என்ன நடந்தாலும் தெரியாது. பல்லைப் பிடுங்கும்போது முழித்துக்கொண்டு எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். வாழ்க்கை முழுக்கக் கண்டதையும் கடித்த வாய்க்குள் இன்னொருத்தர் கையை விடுவதை நினைத்தாலே அவருக்கு வேர்த்தது. எனவே திங்கள்கிழமை ஷிப்மென்ட் என்றார். செவ்வாய் நாள் நல்லதில்லை. அப்புறம் அமாவாசை. அமாவாசை கழிந்ததும், பல் தானாகவே சரியாகிவிட்ட மாதிரி இருக்கிறது என்று புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்தார்.

ஒருநாள் மத்தியானம் மாரிச்செல்வம் ஆயம்மாளுக்குப் போன் செய்தார். அண்ணாச்சி மாடிப்படியில் கண் இருண்டு உட்கார்ந்துவிட்டார், கேட்டால் காற்று வாங்குகிறேன் என்கிறார், அந்தப் படியில் ஜன்னலே கிடையாது என்று சொன்னார். அவள் போனை வைத்த கையோடு ஆஸ்பத்திரியிலிருந்து இன்னொரு போன். பல் டாக்டரிடம் இந்த வாரத்துக்குள் வாயைக் காட்டாவிட்டால் அந்தத் தேதியை வேறொருவருக்குக் கொடுத்துவிடுவோம், அடுத்தது எப்போது கிடைக்கும் என்று சொல்ல முடியாது என்றார்கள். டாக்டர் தள்ளிப்போட முடியாது என்று சொன்னது ஆயம்மாளுக்கு அப்போது மறுபடி காதில் விழுந்தது.

சாயங்காலம் ரத்தினசாமி வீட்டுக்கு வந்தபோது அவள் அடுப்பைக்கூடப் பற்றவைக்கவில்லை. நடு வீட்டில் உட்கார்ந்திருந்தாள். அவர் ஷிப்மென்ட் என்று ஆரம்பித்தார்.

"ஏனுங்க, வெள்ளை ஆர்டர் வந்தாக் கையக் கழுவாம ஒருத்தரையும் துணிகிட்ட உட மாட்டீங்க. உங்க வாய அப்படியே வெச்சுக்கிட்டு, அந்த டாக்டரு உள்ளாற புதுச் சாமானைக் கொண்டுபோயி வெக்கோணுமா?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். ஆயம்மாள் அழுதுகொண்டிருந்தாள். இருபத்தைந்து வருஷத்துக்கு மேலான தாம்பத்தியத்தில் அவள் கத்தி அவர் பார்த்திருக்கிறார், இப்படிச் சத்தமில்லாமல் அழுது பார்த்ததில்லை.

"எனக்கு நீங்க வேணுமுங்க. உங்க பல்லு வேண்டாம்" என்றாள்.

மறுநாள் காலையில் போனார்கள். பட்டனும் ஜிப்பும் விற்கிற ஒரு கடைக்கு மேல்மாடியில் கிளினிக். டாக்டர் தேஜஸ்ரீ கொமரலிங்கம் ஊர்க்காரப் பெண், ஒல்லியான உருவம். அவளைப் பார்த்ததும் ரத்தினசாமிக்கு உயிர் வந்தது. இந்தப் பெண்ணுக்குப் பல்லைப் பிடுங்குகிற அளவுக்குக் கையில் பலம் இருக்காது, பார்த்துவிட்டு அனுப்பிவிடுவாள் என்று கணக்குப் போட்டார். நாற்காலியில் ஏறிப் படுத்தவர் வாயை இறுக்கி மூடிக்கொண்டார். ஆயம்மாள் ஒரு பார்வை பார்த்தாள். திறந்தார்.

தேஜஸ்ரீ விளக்கைத் திருப்பி ஒவ்வொரு பல்லாகத் தட்டிப் பார்த்தாள். பிறகு பல்லடியில் காறை படிந்து ஈறு முழுக்க வீங்கியிருக்கிறது, அதைச் சுத்தம் செய்ய வேண்டும், கீழ்க்கடைவாய்ப் பல் ஒன்று உள்ளே ஓடாகிவிட்டது, அதை எடுத்தே ஆக வேண்டும் என்றாள். அவர் கெட்ட ரத்தத்தைப் பற்றிச் சொன்னார்.

"கெட்டது வெளிய போகலீங்க சார். உள்ளதான் போகுது."

ரத்தம் கசிகிற ஈறு திறந்து கிடக்கிற கதவு, அது வழியாக வாய்க் கிருமிகள் ரத்தத்தில் இறங்கும் என்று அவள் சொன்னாள். நல்ல இதயமாக இருந்தால் பெரும்பாலும் ஒன்றும் செய்யாமல் போய்விடும். பழுதான வால்விலோ புதிதாக வைத்த வால்விலோ போய் ஒட்டிக்கொண்டால் அங்கேயே கூடு கட்டிப் பெருகிவிடும், அப்புறம் உயிருக்கே ஆபத்து. ஈறு கெட்டவர்களுக்கு மாரடைப்பும் அதிகமாக வருவதைப் பார்த்திருக்கிறார்கள், ஆனால் அதனால்தான் இது வருகிறதா என்பது இன்னும் உறுதியாகத் தெரியாது. உங்கள் வால்வு விஷயத்தில் அந்தச் சந்தேகமெல்லாம் இல்லை என்றாள். கோயமுத்தூர் டாக்டரிடம் போனில் பேசி, அவர் சொன்ன மாத்திரையைக் கொடுத்து, அது உடம்பில் பிடிக்கிறவரை உட்கார வைத்துவிட்டுத்தான் மரத்துப்போக ஊசி போட்டாள். பாதி முகம் மரத்துப்போனது.

கையில் பலம் இருக்காது என்று நினைத்தது தப்பு. ஆனால் பல்லும் லேசுப்பட்டதில்லை. நூல் நூலாகக் கடித்து உரமேறிய பல்லல்லவா, முழுசாக வர மறுத்து மடாரென்று உடைந்து துண்டு துண்டாக வந்தது. தேஜஸ்ரீ துண்டுகளைத் தட்டில் போட்டுவிட்டு, பஞ்சை வைத்துக் கடித்துக்கொள்ளச் சொன்னாள். முடிந்துவிட்டது, எழுந்திருக்கலாம் என்றாள்.

ரத்தினசாமி எழுந்திருக்கவில்லை. தட்டையே பார்த்தார். விரல்களைக் காட்டினார், இரண்டு கையையும் ஒன்றோடொன்று பொருத்திக் காட்டினார், வாய்க்குள் பஞ்சை வைத்துக்கொண்டு ஏதோ உறுமினார். தேஜஸ்ரீ வலிக்கிறதா என்று கேட்டாள். உதவிக்கு நின்ற பெண், பாத்ரூம் அந்தப் பக்கம் என்று கை காட்டினாள். அவர் தலையில் அடித்துக்கொண்டு, கழுத்தில் கட்டிய நீலத் துண்டோடு நாற்காலியிலிருந்து இறங்கிக் குத்தவைத்து உட்கார்ந்து தரையை உள்ளங்கையால் தடவ ஆரம்பித்தார்.

ஆயம்மாளுக்குத்தான் புரிந்தது. "ஊசி ஒடைஞ்சாத் துண்டெல்லாஞ் சேரோணுமுங்க. சேராம அவரு எந்திரிக்க மாட்டாரு" என்று டாக்டரிடம் சொல்லிவிட்டு அவளும் புடவையைச் செருகிக்கொண்டு மண்டியிட்டாள். சத்தம் கேட்டு வெளியில் காத்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அதில் ஒரு ஓவர்லாக் டெய்லர் இருந்தார். தரையைப் பார்த்ததும் பழக்க தோஷத்தில் எதற்கென்று கேட்காமலே தவழ்ந்தார். கன்னம் வீங்கிய பீகார் வாலிபர் ஒருவர் என்ன விழுந்தது என்று இந்தியில் கேட்டு, பதிலுக்குக் காத்திராமல் செல்போன் டார்ச்சை அடித்தார். நாற்காலிக்கு அடியிலிருந்து ஒருவர் வெள்ளையாக எதையோ எடுத்து நீட்டினார். கீழ்க்கடையிலிருந்து யார் காலிலோ ஒட்டி வந்த சட்டை பட்டன். ரத்தினசாமி அதையும் வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டு, ரிஜெக்ட் என்று ஓரமாக வைத்தார்.

கடைசியில் டிஷ்யூ தாள் ஒன்றை விரித்து இருந்த துண்டுகளை அவரே பொருத்தினார். நடுவில் சுண்டைக்காய் அளவுக்கு ஒரு குழி மிச்சமாக நின்றது. தேஜஸ்ரீ பொறுமையாக எக்ஸ்ரே எடுத்து, தாடையில் ஒன்றும் மிச்சமில்லை என்று படத்தைக் காட்டினாள். அவர் பஞ்சைக் கையில் எடுத்துக்கொண்டார். மரத்த உதடு ஒத்துழைக்காமல் வார்த்தைகள் வழிந்தன.

"கண்ணு, ஒரு துண்டு கொறையுது."

"அது இன்னிக்குப் போகலீங்க சார். பல வருசமாக் கொஞ்சம் கொஞ்சமாப் போயிருச்சு. கிருமி அரிச்சுத் தின்ன எடம் அது."

"தின்னுட்டு எங்க போச்சு?"

தேஜஸ்ரீ அவர் நெஞ்சைப் பார்த்தாள். பிறகு மெதுவாக, அது எங்கெங்கே போயிருக்கும் என்ற பயத்தில்தான் உங்களை இங்கே அனுப்பியிருக்கிறார்கள் என்றாள்.

ரத்தினசாமி தாளையே பார்த்துக்கொண்டு நின்றார். ஊசி முனை ஒன்றுக்காக ஊரையே தவழ விட்டவர். தன் வாய்க்குள் ஒரு துண்டு காணாமல் போய்க்கொண்டிருந்தது, ஒருநாள்கூட லைனை நிறுத்தியதில்லை. அவருக்கு அப்போதுதான் தான் செத்துப்போகக்கூடும் என்பது உண்மையாக உறைத்தது. ஆபரேஷன், மெட்டல், டீக்கடை எல்லாம் எங்கோ போய்விட்டன. ஆயம்மாளைப் பார்த்துப் பயமாக இருக்கிறது என்று சொன்னார். ரத்தமும் எச்சிலுமாக வந்த அந்தச் சொல் அவளைத் தவிர வேறு யாருக்கும் விளங்கவில்லை. அவள் முந்தானையால் அவர் தாடையைத் துடைத்துவிட்டாள்.

அதற்குப் பிறகு அவர் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. ஈறு சுத்தம் செய்யச் சொன்ன நாட்களிலெல்லாம் முதல் ஆளாகப் போய் வாயைத் திறந்துகொண்டு படுத்தார். ஈறு ஆறியது, சீட்டுக் கிடைத்தது, தேதி தப்பவில்லை. ஆபரேஷனும் நல்லபடியாக முடிந்தது. நெஞ்சில் மேலிருந்து கீழாகப் போட்டிருந்த தையலை அவர் கண்ணாடியில் பார்த்துவிட்டு, நூல் டென்ஷன் சரியாக இருக்கிறது, அளவு மட்டும் ஓரிடத்தில் கொஞ்சம் கூடிவிட்டது என்று தீர்ப்புச் சொன்னதாகக் கேள்வி.

வேலைக்குப் போகாமல் வீட்டில் ஓய்வெடுக்க வேண்டும் என்றார்கள். வந்தது வினை. செக் பண்ண ஒன்றும் கிடைக்காமல் மனிதருக்குக் கை நமநமத்தது. செல்போன் டார்ச்சை எடுத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்து வருகிறவர் போகிறவர் வாயையெல்லாம் திறக்கச் சொன்னார். பால்காரர் ஒருநாள் காட்டினார், அடுத்த நாளிலிருந்து பாக்கெட்டைக் கேட்டிலேயே தொங்கவிட்டுப் போனார். நலம் விசாரிக்க வந்த மேனேஜருக்கு இரண்டு பல்லில் ஆல்டரேஷன் வேண்டும் என்று சொல்லி அனுப்பினார். ஓசூரில் வேலை பார்க்கிற மகள் யாழினி, வீடியோ காலில் வாயைத் திறந்து காட்டிய பிறகுதான் பேச முடிந்தது. மெத்தென்ற பிரஷ்ஷால் காலையும் இரவும் மெதுவாகத் தேய்க்க வேண்டும் என்று தெருவுக்கே வகுப்பெடுத்தார்.

எல்லோரையும் பார்த்து முடித்த பிறகு ஒரு மத்தியானம், சாப்பாடு போட்டுக்கொண்டிருந்த ஆயம்மாளையும் காட்டச் சொன்னார். அவள் வேலை இருக்கிறது என்று எழுந்தாள். அவர் கையைப் பிடித்து உட்காரவைத்து டார்ச்சை அடித்தார். இடப்பக்கம் மேலும் கீழுமாகப் பல்லெல்லாம் அரித்துக் கறுத்துப் போயிருந்தன.

"ஏம்புள்ள, எத்தன நாளா இது?"

"யாழினி வயித்துல இருந்தப்ப வலி வந்துச்சுங்க. அப்பறம் ஒரு பக்கமாவே மென்னு பழகிட்டன்."

யாழினிக்கு இப்போது இருபத்து நான்கு வயது. அத்தனை வருஷமும் தினமும் அவர் எதிரில் உட்கார்ந்துதான் அவள் சாப்பிட்டிருக்கிறாள். ரத்தினசாமி டார்ச்சை அணைத்தார். தட்டில் சோறு ஆறிக்கொண்டிருந்தது. ஏன் சொல்லவில்லை என்று கேட்க நினைத்தார், அதைக் கேட்கிற தகுதி தனக்கு இல்லை என்று தோன்றியதால் கேட்கவில்லை. கையைக் கழுவிவிட்டுத் தேஜஸ்ரீக்குப் போன் போட்டார்.

சாயங்காலமே கூட்டிக்கொண்டு போனார். இந்த முறை ஆயம்மாள் நாற்காலியில் படுத்தாள், அவர் பக்கத்தில் நின்று அவள் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கையைப் பிடித்துக்கொண்டார். தேஜஸ்ரீ ஊசியை எடுத்தாள். ஆயம்மாள் தைரியமாக வாயைத் திறந்தாள். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு முருகா முருகா என்று முனகியது அவர்தான்.